ஃபோனில் பஸில் சேர்க்கிறான், பென்சில் பிடிக்க வரவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது இரண்டு மாதம். எல்.கே.ஜி. படிக்கிறான். ஃபோனில் பஸில் கேம் போட்டுக் கொடுத்தால் எங்களைவிட வேகமாகச் சேர்த்துவிடுவான். நிறம், மிருகம், வண்டி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்வான். ஆனால் பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கிறான். 'அ' எழுதவே வரவில்லை. புள்ளி எழுத்தின் மேல் எழுதிவரச் சொல்லித் தினமும் ஒரு பக்கம் ஹோம்வொர்க் தருகிறார்கள். அதை முடிப்பதற்குள் அவனும் அழுது, நானும் அழுதுவிடுகிறேன். 'மூளை சுறுசுறுப்பு போதாது, டியூஷன் வையுங்கள்' என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். அவனுக்குச் சட்டைப் பட்டன் போடத் தெரியாது. பந்து போட்டால் பிடிக்க மாட்டான். சாப்பாடு இன்னும் நான்தான் ஊட்டுகிறேன், ஃபோனை வைத்தால்தான் வாயைத் திறப்பான். எதையும் இடது கையால்தான் எடுக்கிறான், இப்போதே மாற்றிவிடு என்கிறார் என் அத்தை. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் 'மிட் பிரெயின்' வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறார் என் கணவர். என் பையனுக்கு மூளை வளர்ச்சியில் ஏதாவது குறையா?
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில் சொல்பவர்: குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மூளை வளர்ச்சியில் குறை என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. நேரில் பார்க்காமல் முழு உறுதி தர முடியாது என்பதால், எவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பின்னால் எழுதுகிறேன். ஆனால் கடிதத்தை மறுபடி படித்தபோது என் கண்ணில் பட்டது வேறொன்று. உங்கள் பையனின் கைக்கு நாள் முழுக்க வேலையே இல்லை. சாப்பாட்டை நீங்கள் ஊட்டிவிடுகிறீர்கள். பட்டனை நீங்கள் போட்டுவிடுகிறீர்கள். விளையாட்டு ஃபோனில் நடக்கிறது. அதற்கு ஒரு விரல் போதும். இப்படிக் காலையிலிருந்து சும்மா இருந்த கையை ராத்திரி உட்காரவைத்து, அந்த வயதுக் கைக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலையைக் கொடுக்கிறோம்: புள்ளி பிசகாமல் 'அ' எழுது.

ஆகவே என் யோசனை இது. மூன்று மாதத்துக்கு எழுத்துப் பயிற்சியை நிறுத்துங்கள். அந்த நேரத்தைக் கைக்குக் கொடுங்கள். சிந்திக்கும் திறனுக்குத் தனி வகுப்பு வேண்டாம். நான்கு வயதில் யோசனை நடப்பதே பெரும்பாலும் கையில் ஒரு பொருள் இருக்கும்போதுதான்.

பென்சில் பிடிப்பது எப்படிப் படிப்படியாக வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பொத்திப் பிடிப்பதுதான் முதல் படி, ஒன்றரை வயதுக் குழந்தை அப்படிப் பிடிக்கும். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் பென்சிலின் முனையை நோக்கி நீளும், ஆனால் முழங்கையும் சேர்ந்துதான் அசையும். மூன்றரை, நான்கு வயதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பென்சிலைச் சுற்றி வந்து உட்காரும். அப்போதும் கை மொத்தமாகத்தான் நகரும். விரல்நுனிகளே பென்சிலை ஓட்டுவது நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் கைகூடும். உங்கள் பையன் இதில் இரண்டு படி பின்னால் இருக்கிறான், மறுப்பதற்கில்லை. பழக்கமில்லாததால் பின்னால் இருக்கிறானா, வேறு காரணம் உண்டா என்பது கைக்கு வேலை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வரைவதற்கும் ஒரு வரிசை உண்டு. மேலிருந்து கீழே கோடு இரண்டு வயது வாக்கில் வரும். படுக்கைக் கோடு இரண்டரை. வட்டம் மூன்று. கூட்டல் குறி நான்கு. சதுரம் நாலரை வாக்கில். சாய்கோடுகள் சேரும் பெருக்கல் குறியும் முக்கோணமும் ஐந்தை ஒட்டி. குழந்தைக்குக் குழந்தை சில மாதம் முன்பின் இருக்கும், வரிசை பெரும்பாலும் மாறாது. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்க்க நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பியரி சோதனை இந்த வரிசையின் மேல்தான் கட்டப்பட்டது. அதை உருவாக்கிய கீத் பியரியின் பரிந்துரையே, இந்த அடிப்படை வடிவங்கள் கைவரும் வரை முறையான எழுத்துப் பயிற்சியைத் தள்ளிவைக்கலாம் என்பதுதான்.

இப்போது 'அ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுழியில் தொடங்கி, வளைந்து, கீழே சுற்றி, குறுக்கே ஓடி, நேர்க்கோட்டில் முடிகிறது. பென்சிலைத் தூக்காமல் இத்தனை முறை திசை மாற்ற வேண்டும். அகரவரிசையில் முதலில் நிற்பதால் கைக்கும் அதுவே முதலில் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. ஆங்கிலத்திலும் எல் (L), டி (T), ஹெச் (H) போன்ற நேர்க்கோட்டுப் பெரிய எழுத்துகள் சுலபம். சாய்கோடுள்ள ஏ, கே எல்லாம் பிறகு. மூன்று மாதம் கழித்து எழுத்தைத் தொடும்போது 'ட', 'ப'விலிருந்து தொடங்குங்கள்.

விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். அந்த ஒரு நாள் நாம் செய்வது எல்லாமே சரி. விரலால் எழுதுகிறது, இடம் தாராளம், தப்பாகப் போனால் தட்டை ஆட்டிவிடலாம். மறுநாளே நாலு கோட்டு நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம்!

இதையொட்டி ஒரு எக்ஸ்ரே படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சின்னக் குழந்தையின் மணிக்கட்டில் எலும்பே இல்லை, அதனால் ஏழு வயது வரை பென்சிலே தரக் கூடாது என்று. உங்களுக்கும் வந்திருக்கும். மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கின்றன, ஒவ்வொன்றாக இறுகுகின்றன, கடைசி எலும்பு எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் எக்ஸ்ரேயில் தெரிகிறது. அதுவரை சரி. அதனால் எழுத முடியாது என்பது மிகை. எல்லா எலும்பும் இறுகும்முன்பே ஆறு வயதுப் பிள்ளைகள் எழுதத்தானே செய்கிறார்கள். தோளும் மணிக்கட்டும் விரலும் எவ்வளவு பலப்பட்டிருக்கின்றன, கண் காட்டும் இடத்துக்குக் கை போகிறதா என்பதுதான் கணக்கு.

புள்ளி எழுத்து ஹோம்வொர்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ், 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்னும் வாசிக்கத் தெரியாத, ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகளுக்குச் சில எழுத்துகளைச் சொந்தமாக எழுதவைத்தும், சிலவற்றைப் புள்ளியின் மேல் எழுதவைத்தும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவைத்தும் பழக்கினார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே எழுத்துகளைக் காட்டினார்கள். பெரியவர்கள் வாசிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள், குழந்தைகள் சொந்தமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் நன்றாக விழித்துக்கொண்டன. குழந்தை தானே எழுதினால் ஒவ்வொரு முறையும் கோணலாக, வேறு வேறு மாதிரி வரும். அத்தனையும் ஒரே எழுத்துதான் என்று மூளை புரிந்துகொள்வது அந்தக் கோணலில் இருந்துதான் என்பது அவர் விளக்கம். புள்ளியின் மேல் ஓட்டும்போது அடுத்து எங்கே போவது என்று யோசிக்க வேலையே இல்லை. நோட்டு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து ஃபோன் பஸில். 'எங்களைவிட வேகமாகச் சேர்க்கிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரலைக் கவனியுங்கள். பெரும்பாலான பஸில் ஆப்களில் துண்டு நேராக நிமிர்ந்தபடியேதான் வரும், திருப்ப வேண்டியதில்லை. சரியான இடத்துக்குப் பக்கத்தில் இழுத்துப்போனாலே தானாக ஒட்டிக்கொள்ளும். தப்பான இடத்தில் விட்டால் திரும்பி ஓடிவிடும். ஆக, இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாலே படம் முடிந்துவிடும். முடிந்ததும் கைதட்டல் சத்தம் வேறு.

அட்டை பஸிலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என்னிடம் வரும் ஒரு பெண் குழந்தை, உங்கள் பையன் வயதுதான், யானைப் படம் சேர்த்துக்கொண்டிருந்தாள். காது இருக்கும் துண்டு கையில். அதைத் தலைகீழாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். போகவில்லை. இன்னும் அழுத்தினாள். அட்டை மேஜையில் சறுக்கியது. இடது கை தானாக வந்து அட்டையைப் பிடித்துக்கொண்டது. துண்டை எடுத்தாள். அதன் ஓரத்தில் இருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தாள், பலகையில் சாம்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். துண்டைக் கீழே வைக்காமல், மூன்று விரலுக்குள்ளேயே உருட்டி அரைவட்டம் திருப்பினாள். மறுபடி வைத்தாள், உட்கார்ந்தது. அவள் அம்மாவின் கை இரண்டு முறை உதவிக்குக் கிளம்பியது, நான்தான் தடுத்தேன். ஒரு தப்பு கண்முன் நிற்க வேண்டும், ஏன் தப்பு என்று பார்க்க வேண்டும், வேறு மாதிரி முயல வேண்டும். ஃபோன் அந்தத் தப்பை உடனே துடைத்துவிடுகிறது.

மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி இதை நூறு வருடத்துக்கு முன்பே யோசித்து வைத்தார். 1939-ல் பிரம்ம ஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய உருளைக்கட்டைகளில், ஒரு மரத்துண்டில் பத்துக் குழி, பத்து உருளை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். மூன்று விரலால்தான் தூக்க முடியும். பென்சிலுக்கான பிடி அங்கேயே பழகிவிடும். ஓர் உருளையைத் தப்பான குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஒன்று நுழையாமல் மிஞ்சி நிற்கும். தப்பு என்று டீச்சர் சொல்லத் தேவையில்லை. கடையில் அதன் விலை அதிகம், வாங்க வேண்டாம். எவர்சில்வர் டப்பாக்களையும் மூடிகளையும் கலந்து போட்டு, எதற்கு எது மூடி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதே வேலை நடக்கும்.

பஸிலும் வாங்க வேண்டாம். சிவகாசி இருக்கும் மாவட்டத்தில் காலண்டர் அட்டைக்குப் பஞ்சமா? பழைய காலண்டர் படத்தை நான்கு துண்டாக வெட்டுங்கள். சுலபமாகச் சேர்த்தால் ஆறு, எட்டு என்று ஏற்றுங்கள். சேர்க்கும்போது 'ஓரத்துத் துண்டு எது?', 'மூலைக்கு எது வரும்?', 'கவிழ்த்துப் பாரு', 'திருப்பிப் பாரு' என்று பேசுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் வீட்டில் பஸில் விளையாடிய குழந்தைகள் நாலரை வயதில் வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனையை நன்றாகச் செய்தார்கள். வீட்டில் நடப்பதைக் கவனித்துச் செய்த ஆய்வு அது, பஸில் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாத காரியம், செய்துபார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

இதையெல்லாம்விட முக்கியம் சாப்பாடு. எத்தனை பயிற்சி சொன்னாலும், ஒரு நாளைக்கு மூன்று வேளை இயல்பாகக் கிடைக்கும் பயிற்சிக்கு ஈடாகாது. பருப்புசாதம் சாப்பிடும் கையைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? கண் தட்டைப் பார்க்கிறது. விரல்நுனிகள் சிதறிய பருக்கைகளைக் கூட்டிச் சேர்த்து லேசாக அழுத்துகின்றன. ரொம்ப அழுத்தினால் கூழாகிவிடும், விட்டால் உதிர்ந்துவிடும். நான்கு விரல் கரண்டிபோல் குவிந்து தூக்க, கட்டைவிரல் பின்னாலிருந்து வாய்க்குள் தள்ளிவிடுகிறது. அளவான அழுத்தம், விரல்களின் கூட்டு, கட்டைவிரலின் தனி அசைவு: பென்சிலுக்குத் தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது. ஃபோனைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் குழந்தைக்கு இதில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. எவ்வளவு சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பதுகூடத் தெரிவதில்லை.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதல் வாரம் காலை இட்லி மட்டும் அவன் கையால். பிய்ப்பது சுலபம், சிந்தினாலும் பாதகமில்லை. அடுத்து சப்பாத்தி, ஒரு கை பிடிக்க, மறுகை பிய்க்க வேண்டும். மதியம் முதல் ஐந்து வாய் அவன், மிச்சம் நீங்கள். கீழே பேப்பரை விரித்துவிடுங்கள், சிந்தட்டும். ஃபோன் இல்லாத முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான், அழுவான். 'பிள்ளை பட்டினி கிடக்கிறான்' என்று வீட்டில் பேச்சு வரும், அதற்குத் தயாராக இருங்கள். பசித்தால் சாப்பிடுவான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டுதலில், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அதையேதான் சொல்கிறது. மூன்று வேளை ஊட்டும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், அதிலேயே கணக்குத் தீர்ந்துவிடும்.

விளையாட்டில் நான் அதிகம் நம்புவது பல்லாங்குழியை. முழு விளையாட்டு இந்த வயதுக்கு வராது. ஐந்து புளியங்கொட்டையை அள்ளச் சொல்லி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். நீங்களும் அவனும் செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும். நமக்குக் கொட்டைகள் உள்ளங்கையில் பத்திரமாக இருக்க, ஒன்று மட்டும் நழுவி விரல்நுனிக்கு வரும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மற்றவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். குழந்தைக்கு முதலில் எல்லாம் ஒரே குழியில் கொட்டிவிடும். அல்லது மற்றக் கையால் எடுத்துப் போடும். சில வாரத்தில் ஒவ்வொன்றாக நழுவிவரத் தொடங்கும். எழுதும்போது கையை நோட்டில் ஊன்றிவைப்பது அந்தச் சுண்டுவிரல் பக்கம்தான். நன்றாகப் பழகிய பின் ஒரு கேள்வியைச் சேருங்கள்: 'கையில் இருப்பது தீரும்போது கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும்? முதலில் தொட்டுக் காட்டிவிட்டுப் போடு.' தப்பாகச் சொல்வான். போட்டுப் பார்ப்பான். மறுபடி சொல்வான். கணக்கின் முதல் பாடம் இது. குன்றிமணியை மட்டும் விளையாடத் தராதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் கொடிய விஷம். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் புளியங்கொட்டையையும் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் அவனுக்கும் ஒரு பிடி அரிசிமாவு கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மாவை விட்டு இரண்டு புள்ளியை இணைத்தாலே போதும். பட்டாணி உரிக்க, வேர்க்கடலை உடைக்க, துணிக்கு க்ளிப் மாட்ட, சப்பாத்தி மாவு உருட்டக் கூப்பிடுங்கள். வேலை இரண்டு மடங்கு ஆகும், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தினமும் செய்ய வேண்டியதில்லை, ஒன்று போதும். சிலேட்டைச் சுவரில் அவன் கண் உயரத்துக்கு மாட்டிவிடுங்கள். நின்றுகொண்டு சுவரில் வரையும்போது மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் மடங்கும், அந்த நிலையில்தான் விரல்கள் சரியாக வேலை செய்யும். சாக்பீஸையும் கிரேயானையும் உடைத்து, சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டாகக் கொடுங்கள். பொத்திப் பிடிக்க இடம் இருக்காது, மூன்று விரல் தானாக வந்து உட்காரும். 'ஒழுங்காகப் பிடி' என்று நூறு முறை சொல்வதைவிட இது மேல்.

பந்துக்கு முன்னால் பலூன். மெதுவாக இறங்குவதால் கண்ணுக்குப் பின்தொடர நேரம் கிடைக்கும். வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பிறகு பெரிய பந்தை உருட்டி, அப்புறம் தரையில் ஒரு தட்டுத் தட்டி எறியுங்கள். நான்கு வயதில் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தாலே அது பிடித்ததுதான்.

நிறம், மிருகம், வண்டி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்வான் என்கிறீர்கள். நல்ல ஞாபகசக்தி, சந்தோஷம். ஆனால் பெயர் சொல்வதையே நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். விருந்தாளி வந்தால் 'மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு' என்று நிறுத்திவைப்பதும் அதனால்தான். 'இது என்ன கலர்?' என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. 'இந்தச் சொம்புத் தண்ணீர் எத்தனை டம்ளருக்கு வரும்?', 'இந்தப் பை ஏன் கிழிந்தது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அதுதான் நமக்குக் கஷ்டம். மணல் கிடைக்கும் இடத்தில் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடுங்கள். குச்சியை எங்கே ஒளித்தோம் என்று நினைவில் வைத்துக்கொண்டு, முகத்தில் காட்டிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு அது சாதாரண வேலை இல்லை.

இடது கை விஷயத்தில் அத்தையிடம் பணிவாக, ஆனால் உறுதியாகப் பேசுங்கள். மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். எந்தக் கை என்பது பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் நிலைபெறும். வலுக்கட்டாயமாக மாற்றினால், இப்போதே தடுமாறுகிற கையைவிட இன்னும் பழகாத கையில் முதலிலிருந்து தொடங்கச் சொல்வதாகிவிடும். பொருளை அவனுக்கு நேர் நடுவில் வைத்து, எந்தக் கை வருகிறது என்று சில நாள் கவனியுங்கள். எழுதுவதும் கத்தரிப்பதும் இடது என்றால் இடதாகவே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு வலது கைதான் என்பது உங்கள் வீட்டில் விட முடியாத வழக்கமா? நம் குடும்பங்களில் இடது கையால் எழுதி, வலது கையால் சாப்பிடுபவர்கள் ஏராளம். ஆனால் தானாகச் சாப்பிடப் பழகும் இந்த மூன்று மாதம் எந்தக் கை என்று சண்டை வேண்டாம். கையைத் தட்டிவிட்டால் ஊட்டலுக்கே திரும்பிவிடுவான். இதில் ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு வயதுக்கு முன்பே இடது கையை மட்டும்தான் பயன்படுத்தினானா? இன்றும் வலது கை மூடியே இருக்கிறதா, பொருளைத் தாங்கிப் பிடிக்கக்கூட வருவதில்லையா? அப்படியென்றால் அது இடது கைப் பழக்கமாக இல்லாமல் வலது பக்கத்தின் பலவீனமாக இருக்கலாம், குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

மிட் பிரெயின் வகுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மூக்கின் இரு பக்கமும் கண்கட்டுக்கு அடியில் இடைவெளி இருக்கும், பிள்ளைகள் அதன் வழியாகத்தான் பார்த்துப் படிக்கிறார்கள். அந்த இடைவெளியை அடைத்தால் படிப்பு நின்றுவிடும். மிட் பிரெயின் என்பது நம் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கும் பகுதி, அதைத் தட்டி எழுப்ப ஒன்றுமில்லை. பெரியவர்களைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்வதைத்தான் குழந்தை அங்கே கற்றுக்கொள்கிறது.

கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே செய்யுங்கள். பந்து பிடிக்காத, கோட்டில் எழுதாத குழந்தையிடம் நான் முதலில் கேட்பது கண் பரிசோதனை முடிந்ததா என்பதைத்தான். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, நல்ல கண்ணை வைத்தே சமாளித்துக்கொள்ளும். அந்த மங்கலான கண்ணை மூளை மெல்ல ஒதுக்கத் தொடங்கிவிடும். சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்வார்கள். ஏழு வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, டி.வி.க்கு மிக அருகில் போவது, மாறுகண் ஆகியவை அடையாளங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

சாக்பீஸ், பல்பம், மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறானா என்றும் பாருங்கள். தின்றால் அது ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைந்த குழந்தை சீக்கிரம் களைத்துவிடும், கவனமும் நிற்காது.

மிஸ் மேல் கோபம் வேண்டாம். வகுப்பு நிறையப் பிள்ளைகள், 'இன்னும் எழுத்தே சொல்லித்தரவில்லையா?' என்று வாசலில் நிற்கும் பெற்றோர், நோட்டைப் பார்க்கும் நிர்வாகம் என்று அவர் பாடும் திண்டாட்டம்தான். ஆனால் 'மூளை சுறுசுறுப்பு போதாது' என்று டைரியில் எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை. நேரில் போய், மூன்று மாதத்துக்குப் புள்ளி எழுத்துக்குப் பதிலாக அவனே வரைந்த ஒரு படத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் வெளியான தேசிய அடிப்படைநிலைக் கலைத்திட்ட வடிவமைப்பும் மூன்றிலிருந்து ஆறு வயது வரை விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது. மெட்ரிக் பள்ளிகள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வார்களா என்பது வேறு விஷயம், எல்.கே.ஜி. பையனுக்காகப் பேசப் போகும்போது உங்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கட்டும். டியூஷன் வேண்டாம். பள்ளியில் அழவைக்கும் வேலையை இன்னொரு வீட்டில் போய் அழுதுகொண்டு செய்வதுதான் அது.

மூன்று மாதம் கழித்து இவற்றைப் பாருங்கள்: பெரிய பட்டனைத் தானே போடுகிறானா? பார்த்துக் கூட்டல் குறி வரைகிறானா? முனை மழுங்கிய கத்தரிக்கோலால், தடிமனான நேர்க்கோட்டின் மேல் ஓரளவு ஒட்டி வெட்டுகிறானா? பாதி வந்திருந்தாலும் சரியான வழியில்தான் போகிறான். எதிலும் அசைவே இல்லை என்றாலோ, நடையில் அடிக்கடி விழுந்தாலோ, கை நடுங்கினாலோ, முன்பு செய்ததை இப்போது மறந்தாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் அது. குழந்தை மருத்துவரும் எங்களைப் போன்ற தெரபிஸ்ட்டுகளும் சேர்ந்து பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. போகும்போது அவன் சொந்தமாக வரைந்த தாள்களை, பின்பக்கம் தேதி எழுதி, எடுத்துச் செல்லுங்கள். ஹோம்வொர்க் நோட்டைவிட அவற்றில்தான் எங்களுக்கு அதிகம் தெரியும்.